ஒரு பெட்டி, ஒரு சுருள்வில்: நிலநடுக்கப் பிளவின் உராய்வைக் கணினியில் மாதிரியாக்கத் தொடங்குபவர்களுக்கு

இந்தத் துறைக்குப் புதிதாக வருகிற பலர் முதல் வாரமே ஒரு பெரிய முப்பரிமாண நிரலை இறக்கி ஓட்டிவிடுகிறார்கள். வண்ணப்படம் அழகாக வருகிறது. ஆனால் அந்தப் படம் சரியா என்று யாராவது கேட்டால் பதில் இல்லை. இங்கே எதிர்த்திசையில் போவோம். ஒரே ஒரு பெட்டியும் ஒரு சுருள்வில்லும் கொண்ட மாதிரியை நாமே எழுதி, ஓட்டுவதற்கு முன்பே விடை எவ்வளவு வரும் என்று தாளில் கணக்குப் போட்டுவிடுவோம். பள்ளி இறுதி இயற்பியல், வகைக்கெழு என்றால் என்ன என்ற புரிதல், கொஞ்சம் பைத்தான், இவை இருந்தால் போதும்.

பாடப்புத்தக உராய்வு ஏன் போதாது

1906 சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரீட், 1910இல் மீட்சி விளக்கத்தை முன்வைத்தார். பிளவின் இருபுறமும் உள்ள நிலம் மெல்ல வளைந்து தகைவைச் சேர்த்துக்கொண்டே போகிறது, ஒருநாள் பிளவு சறுக்கி அது விடுபடுகிறது என்றார். 1966இல் பிரேஸும் பயர்லியும், ஆய்வகத்தில் பாறைத் துண்டுகள் ஒட்டி ஒட்டிச் சறுக்குவதுதான் நிலநடுக்கத்தின் பொறிமுறை என்று வாதிட்டார்கள். பயர்லி 1978இல் தொகுத்த அளவுகள் இன்றும் கைக்கணக்குக்கு உதவும். பிளவின் இரு பக்கங்களையும் ஒன்றோடொன்று அழுத்தும் தகைவு, அதாவது அமுக்கம், 200 மெகாபாஸ்கல் வரை இருந்தால் உராய்வுக் குணகம் 0.85. அதற்கு மேல் உராய்வுத் தகைவு என்பது 50 மெகாபாஸ்கலுடன் அமுக்கத்தின் 0.6 மடங்கைக் கூட்டியது. பெரும்பாலான பாறை வகைகளுக்கு இது பொருந்தும், களிமண் கனிமங்களுக்குப் பொருந்தாது.

பிளவு எவ்வளவு தகைவைத் தாங்கும் என்பதை இந்த எண்கள் சொல்லிவிடும். அது எப்படிச் சறுக்கும் என்பதைச் சொல்லாது. நின்றால் ஒரு குணகம், நகர்ந்தால் அதைவிடச் சிறிய இன்னொரு குணகம் என்ற பாடப்புத்தக மாதிரியில் பிளவு ஒருமுறை சறுக்கியபின் நேரத்தோடு மெல்ல மெல்ல வலுப்பெற வழியில்லை. மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும் பிளவுகளுக்கும் இடமில்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை, அதில் நீள அளவு எதுவும் கிடையாது. கணினியில் கட்டத்தைப் பாதியாக்கினால் விடையும் மாறும், மீண்டும் பாதியாக்கினால் மீண்டும் மாறும்.

வேகமும் நிலையும்

1970களின் இறுதியில் டீட்டெரிச்சும் 1983இல் ருயினாவும் ஆய்வக அளவீடுகளிலிருந்து உருவாக்கிய விதிதான் இன்று எங்கும் புழங்குகிறது. இரண்டு வரிகளில் எழுதிவிடலாம்:

குணகம் = அடிப்படைக் குணகம் + ஏ × மடக்கை(வேகம் ÷ குறிப்பு வேகம்) + பி × மடக்கை(குறிப்பு வேகம் × நிலை ÷ சறுக்கு நீளம்)

நிலை மாறும் வீதம் = 1 − (வேகம் × நிலை ÷ சறுக்கு நீளம்)

அடிப்படைக் குணகம் 0.6 அளவில் இருக்கும். குறிப்பு வேகம் என்பது ஒப்பிடுவதற்காக நாமே தேர்ந்தெடுக்கும் ஒரு வேகம். ஏ, பி இரண்டும் நூற்றில் ஒரு பங்கு அளவுள்ள சிறு எண்கள். 'நிலை' விநாடியில் அளக்கப்படும். இரண்டு பரப்புகளும் உண்மையில் தொட்டுக்கொள்வது சில நுண்ணிய முனைகளில் மட்டும்தான். அந்த முனைகள் சராசரியாக எவ்வளவு நேரமாகத் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்பதே நிலை. இது வெறும் கற்பனையும் அல்ல. 1994இல் டீட்டெரிச்சும் கில்கோரும் ஒளி ஊடுருவும் பொருள்களை அழுத்தி, தொடுமுனைகள் நேரத்தோடு பெரிதாவதை நுண்ணோக்கியில் நேரடியாகப் படம் பிடித்தார்கள்.

நகராமல் கிடந்தால் இரண்டாவது வரியில் வேகம் பூச்சியம், அதனால் நிலை விநாடிக்கு ஒரு விநாடி வளரும். பிளவு குணமாவது இப்படித்தான். நகர்ந்தால் பழைய முனைகள் அழிந்து புதியவை வரும். ஏறக்குறைய சறுக்கு நீளம் அளவு நகர்ந்தால் பழைய நினைவு போய்விடும். சீரான வேகத்தில் நீண்ட நேரம் போனால் நிலை என்பது சறுக்கு நீளத்தை வேகத்தால் வகுத்த ஈவு. அதை முதல் வரியில் போட்டால் குணகம், ஏ கழித்தல் பி என்ற வித்தியாசத்தின்படி வேகத்தோடு மாறும். பி பெரிதானால் வேகம் கூடக்கூட உராய்வு குறையும், நிலநடுக்கம் பிறக்கக்கூடிய இடம் அது. ஏ பெரிதானால் வேகம் கூட உராய்வும் கூடும், அங்கே ஊர்தல் மட்டும்தான்.

இங்கே மடக்கை என்பது இயல் மடக்கை. சில பழைய கட்டுரைகள் பத்தடிமான மடக்கையில் ஏ, பி எண்களைத் தருகின்றன. அவற்றை அப்படியே எடுத்துப் போட்டால் 2.303 மடங்கு பிழை. பைத்தானின் எண்கணக்கு நூலகமான நம்பையில் (NumPy) 'லாக்' என்பது இயல் மடக்கை, 'லாக்10' வேறு.

முதல் பயிற்சி: வேகத்தை மட்டும் மாற்றுங்கள்

சுருள்வில்லை இப்போது தொடவேண்டாம். ஆய்வகத்தில் செய்வதுபோலவே, வேகத்தை விநாடிக்கு 1 மைக்ரோமீட்டரில் வைத்திருந்து திடீரென 10க்கு உயர்த்துங்கள். குறிப்பு வேகம் 1 மைக்ரோமீட்டர், சறுக்கு நீளம் 10 மைக்ரோமீட்டர், ஏ 0.010, பி 0.015. தொடக்கத்தில் நிலை 10 விநாடி.

நிரல் எழுதும் முன் தாளில் போடுவோம். 10இன் இயல் மடக்கை 2.303. வேகம் உயர்ந்த கணத்தில் நிலை இன்னும் மாறவில்லை, ஆகவே குணகம் 0.600இலிருந்து 0.623க்குத் தாவும். அப்புறம் நிலை 10 விநாடியிலிருந்து 1 விநாடிக்கு இறங்கும்போது பி பங்கு 0.0345 குறைந்து, கடைசியில் 0.5885இல் நிற்கும். உங்கள் வரைபடத்தில் இந்த மூன்று எண்களும் வராவிட்டால் மேலே போகாதீர்கள். பெரும்பாலும் அலகில்தான் தவறு இருக்கும். மீட்டர், விநாடி, பாஸ்கல் மூன்றை மட்டும் நிரலுக்குள் விடுங்கள். மைக்ரோமீட்டரும் ஆண்டும் மெகாபாஸ்கலும் வரைபட அச்சோடு இருக்கட்டும்.

இப்போது எதிர்த்திசை, 10இலிருந்து 1க்கு. இங்கே ஒரு விஷயம் கண்ணில் படும். மேலே தாவியபோது, சறுக்கு நீளம் ஒன்றைக் கடந்த இடத்தில், நிலையால் வரவேண்டிய மாற்றத்தில் 37 சதவீதம்தான் முடிந்திருக்கும். கீழே இறங்கும்போது அதே தூரத்தில் 83 சதவீதம் முடிந்துவிடும். ஆய்வக அளவீடுகளில் இரண்டு திசைகளும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கின்றன. அதாவது நாம் எடுத்த விதி, 'முதுமை விதி' என்பது, இந்தச் சோதனையில் கொஞ்சம் இடறுகிறது. இதற்கு மாற்றாக ருயினாவின் 'சறுக்கல் விதி' உண்டு. அதில் இரண்டு திசைகளிலும் 63 சதவீதம். ஆனால் அந்த விதியில் முழுக்க நின்றுவிட்ட பரப்பு குணமாகாது. எது சரி என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. புதியவர்கள் முதுமை விதியில் தொடங்குவதே நல்லது, கணக்கு அடங்கி நடக்கும். ஆனால் நிரலில் அந்த ஒரு வரியைத் தனிச் செயற்கூறாக எழுதி வையுங்கள், நாளைக்கு மாற்றிப் பார்க்க வசதி.

இப்போது சுருள்வில்

கனமான பெட்டியை ரப்பர் பட்டையால் இழுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பட்டை தொளதொளவென்றிருந்தால் பெட்டி நின்று நின்று குதிக்கும். இரும்புக் கம்பியால் இழுத்தால் அதே பெட்டி அதே தரையில் சீராக வரும். உராய்வு மாறவில்லை, இழுக்கும் பொருளின் விறைப்புதான் மாறியது. இந்தத் துறையில் புதியவர்கள் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஒரு பிளவு நடுங்குமா ஊருமா என்பதை உராய்வு மட்டும் முடிவு செய்வதில்லை, சுற்றியுள்ள பாறையின் விறைப்பும் சேர்ந்தே முடிவு செய்கிறது.

எல்லைக்கோடு இது:

மாறுநிலை விறைப்பு = அமுக்கத் தகைவு × (பி − ஏ) ÷ சறுக்கு நீளம்

சுருள்வில்லின் விறைப்பு இதைவிடக் குறைந்தால் நிலையற்ற சறுக்கல், கூடினால் சிறு கலக்கங்கள் அடங்கிப்போகும்.

எண்கள் போடுவோம். அமுக்கத் தகைவு 50 மெகாபாஸ்கல், ஏ 0.010, பி 0.015, சறுக்கு நீளம் 1 சென்டிமீட்டர். மாறுநிலை விறைப்பு மீட்டருக்கு 25 மெகாபாஸ்கல். நம் சுருள்வில்லுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு, மீட்டருக்கு 5 மெகாபாஸ்கல் என்று வைப்போம். உண்மையான பிளவில் இந்த விறைப்பு எங்கிருந்து வருகிறது? சறுக்கும் திட்டின் நீளத்தால் பாறையின் விறைப்புக் குணகத்தை வகுத்தால் ஏறத்தாழ இது கிடைக்கும். 30 கிகாபாஸ்கல் எடுத்தால், நம் பெட்டி 6 கிலோமீட்டர் அகலத் திட்டுக்குச் சமம். மாறுநிலை விறைப்பு 1.2 கிலோமீட்டர் திட்டுக்குச் சமம். அதைவிடச் சிறிய திட்டு தனியாக வெடித்துச் சறுக்க முடியாது என்று இதற்குப் பொருள். பெட்டியின் எண்ணைத் திட்டின் அளவாக மொழிபெயர்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

சுருள்வில்லின் மறுமுனையை விநாடிக்கு 1 நானோமீட்டர் வேகத்தில் இழுப்போம். ஆண்டுக்கு 31.5 மில்லிமீட்டர், தட்டு எல்லைப் பிளவுக்கு இயல்பான வேகம்.

இன்னொன்று தேவை. சறுக்கல் விநாடிக்கு மீட்டர் அளவை எட்டும்போது நிறை இல்லாத நம் பெட்டியின் வேகம் எல்லையில்லாமல் ஏறிவிடும். உண்மையில் அலைகள் ஆற்றலை எடுத்துக்கொண்டு போகும். அதற்கு ஈடாக, வேகத்துக்கு நேர்விகிதமான ஒரு தணிப்பைத் தகைவிலிருந்து கழிப்பது வழக்கம். விறைப்புக் குணகத்தைப் பாறையில் பரவும் குறுக்கலையின் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் அந்தத் தணிப்பு. 30 கிகாபாஸ்கலும் விநாடிக்கு 3 கிலோமீட்டரும் போட்டால், ஒவ்வொரு மீட்டர்/விநாடி வேகத்துக்கும் 5 மெகாபாஸ்கல்.

ஓட்டும் முன் தாளில்

ஒரு நிகழ்வில் தகைவு எவ்வளவு இறங்கும்? தட்டு வேகத்தில் இருக்கும் உராய்வுக்கும் நடுக்க வேகத்தில் இருக்கும் உராய்வுக்கும் உள்ள வித்தியாசம் என்று கொள்வோம். நடுக்க வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்றால் வேக விகிதம் நூறு கோடி, அதன் இயல் மடக்கை 20.7. ஆக 0.005 × 50 × 20.7, அதாவது 5.2 மெகாபாஸ்கல். அதைத் தணிப்பால் வகுத்தால் வேகம் 1 மீட்டர்/விநாடிதான் வருகிறது, நம் ஊகம் சரி. விறைப்பால் வகுத்தால் சறுக்கல் சுமார் 1 மீட்டர். தட்டு வேகத்தால் வகுத்தால் 33 ஆண்டுக்கு ஒரு நிகழ்வு. 6 கிலோமீட்டர் சதுரத் திட்டில் 1 மீட்டர் சறுக்கல் என்றால் அளவு 6ஐ ஒட்டிய நிலநடுக்கம்.

நாலு பெருக்கலில் உலகத்தோடு ஒப்பிடக்கூடிய எண்கள் வந்துவிட்டன. கலிபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் சான் ஆன்ட்ரியாஸ் பிளவு 1857, 1881, 1901, 1922, 1934, 1966, 2004 ஆண்டுகளில் அளவு 6ஐ ஒட்டி நடுங்கியது. நம் பெட்டி பார்க்ஃபீல்டு ஆகிவிட்டது என்று சொல்லவில்லை, ஆனால் எண்கள் ஒரே தெருவில்தான் இருக்கின்றன. அந்தப் பட்டியலின் கடைசி இடைவெளியையும் பாருங்கள். 1993க்குள் வரும் என்று எதிர்பார்த்தது 2004இல் வந்தது. ஒற்றைப் பெட்டி மாதிரி கடிகாரம்போல அடிக்கும், பிளவு அப்படி அடிக்காது.

நிரலை ஓட்டினால் சறுக்கலும் இடைவெளியும் கைக்கணக்கைவிடக் கூடுதலாகத்தான் வரும். காரணம் உண்டு. நிகழ்வுக்குப் பின் பெட்டி தட்டு வேகத்தைவிட வெகு மெதுவாகிப் பல ஆண்டுகள் கிடக்கிறது. அந்தக் காலத்தில் நிலை, தட்டு வேகத்துக்கு உரிய அளவைத் தாண்டி வளர்கிறது. அந்தக் கூடுதல் வலுவையும் மீறித்தான் அடுத்த சறுக்கல் தொடங்க வேண்டும். விடை இரண்டு மடங்குக்குள் இருந்தால் கவலை வேண்டாம். பத்து மடங்கு என்றால் நிரலைப் பாருங்கள்.

நிரலில் கவனிக்க வேண்டியவை

தெரியாத எண்கள் இரண்டு: வேகம், நிலை. இரண்டையும் நேரடியாக வைக்காமல் அவற்றின் மடக்கைகளை மாறிகளாக வையுங்கள். வேகம் பல கோடி மடங்கு மாறப்போகிறது. நேரடியாக வைத்தால் என்றாவது ஒருநாள் எதிர்க்குறி எண்ணாகி, மடக்கை எடுக்கும் இடத்தில் நிரல் விழும். தகைவுச் சமநிலையை ஒருமுறை வகையிட்டால் இது கிடைக்கும்:

வேக மடக்கையின் வீதம் = [விறைப்பு × (தட்டு வேகம் − வேகம்) − பி × அமுக்கம் × (நிலை வீதம் ÷ நிலை)] ÷ [ஏ × அமுக்கம் + தணிப்பு × வேகம்]

இதையும் நிலையின் சமன்பாட்டையும் பைத்தானின் அறிவியல் நூலகமான சைபையில் (SciPy) உள்ள வகைக்கெழுச் சமன்பாட்டுத் தீர்ப்பானிடம் கொடுத்தால் போதும். காலப்படி தானாக மாறும் முறைதான் வேண்டும், இதில் பேரமே இல்லை. அமைதியான காலத்தில் நிலை மாறும் கால அளவு ஒரு கோடி விநாடி, ஏறக்குறைய நான்கு மாதம். நடுக்கத்தின்போது அது நூற்றில் ஒரு விநாடி. அதிலும் பத்தில் ஒரு பங்கான நிலையான சிறுபடியில் போனால் ஒரு சுழற்சிக்கே லட்சம் கோடி படிகளுக்கு மேல் ஆகும். சைபையில் 'ராடாவ்' முறையைத் தேர்ந்தெடுங்கள். அதன் இயல்பான சார்புப் பிழை எல்லை ஆயிரத்தில் ஒன்று, இந்தக் கணக்குக்கு அது மிகத் தாராளம். பத்துக் கோடியில் ஒன்றாக இறுக்குங்கள். பிறகு இன்னும் பத்து மடங்கு இறுக்கி ஓட்டி, நிகழ்வு வரும் தேதிகள் நகர்கின்றனவா என்று பாருங்கள்.

தொடக்க மதிப்பில் ஒரு பொறி இருக்கிறது. வேகத்தைத் துல்லியமாகத் தட்டு வேகமாகவும், நிலையை அதற்கு உரிய மதிப்பாகவும் வைத்தால் எல்லா வீதங்களும் பூச்சியம். நிலையற்ற சமநிலையிலேயே பெட்டி வெகுநேரம் சும்மா போய்க்கொண்டிருக்கும், நிலநடுக்கமே வராது. வேகத்தை ஒரு 10 சதவீதம் தள்ளித் தொடங்குங்கள். முதல் ஒன்றிரண்டு நிகழ்வுகள் தொடக்க மதிப்பின் சாயலில் இருக்கும், அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

விடையைச் சீரான கால இடைவெளியில் சேமிக்காதீர்கள், நடுக்கம் முழுவதும் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே காணாமல் போய்விடும். தீர்ப்பான் எடுத்த படிகளையே சேமியுங்கள். வரைபடத்தில் வேகத்தை மடக்கை அச்சில் போடுங்கள். குணகத்துக்கு எதிராக வேக மடக்கையை இன்னொரு படமாகப் போட்டால் சுழற்சி ஒரு மூடிய கண்ணியாகத் தெரியும். கண்ணி ஒவ்வொரு சுற்றிலும் தன்மேலேயே விழவேண்டும்.

விறைப்பை மாற்றி விளையாடுங்கள்

விறைப்பை மாறுநிலையின் ஒன்றரை மடங்காக்குங்கள். 10 சதவீதத் தள்ளல் ஆடி அடங்கிப் பெட்டி ஊர ஆரம்பிக்கும். இப்போது சரியாக மாறுநிலையில் வைத்து, தள்ளலை 1 சதவீதமாகக் குறையுங்கள். அலைவு வளராமலும் தேயாமலும் போகும். அதன் காலமுறையையும் முன்கூட்டியே சொல்லலாம்: 6.28 × (சறுக்கு நீளம் ÷ தட்டு வேகம்) × (ஏ ÷ (பி − ஏ)) இன் வர்க்கமூலம். நம் எண்களுக்கு 2.8 ஆண்டு. நிரலின் சரித்தன்மைக்கு இதைவிடக் கறாரான சோதனை எனக்குத் தெரிந்து இல்லை. ஏ, பி, சறுக்கு நீளம், விறைப்பு எல்லாமே ஒரே எண்ணில் வந்து மாட்டிக்கொள்கின்றன.

விறைப்பு மாறுநிலையை ஒட்டி வரும்போது ஆய்வகப் பாறைகள் மெதுவாகச் சறுக்குவது பதிவாகியிருக்கிறது. வட அமெரிக்க மேற்குக் கரையின் கஸ்கேடியா, ஜப்பானின் நான்காய் போன்ற இடங்களில் நாள்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நடக்கும் மெதுச்சறுக்கல்களுக்கு இது ஒரு விளக்கம். ஆனால் முதுமை விதியோடு கூடிய ஒற்றைப் பெட்டியில் மெதுச்சறுக்கல் வரும் விறைப்பு வரம்பு மிக ஒடுங்கியது. அங்கே அழகான மெதுச்சறுக்கலைத் தேடி நாளைக் கழிக்க வேண்டாம்.

அடுத்து நீர். துளைநீர், அதாவது பாறையின் நுண்துளைகளில் உள்ள நீர், அதன் அழுத்தம் ஏறினால் அமுக்கத் தகைவு குறையும், பிளவு வலுவிழக்கும், ஆகவே நடுக்கம் வரும் என்று பலரும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். மாறுநிலை விறைப்பின் சூத்திரத்தை மறுபடி பாருங்கள். அமுக்கம் குறைந்தால் அதுவும் குறைகிறது. 50 மெகாபாஸ்கலை 8 ஆக்கிப் பாருங்கள். மாறுநிலை விறைப்பு 4 ஆகிவிடும், நம் சுருள்வில் 5. பெட்டி ஊர ஆரம்பித்துவிடும். ஆக, நீர் சறுக்கலைத் தொடங்கிவைக்கவும் செய்யும், அதை நிதானமாக்கவும் செய்யும். எது முந்தும் என்பது அழுத்தம் எவ்வளவு வேகமாக, எவ்வளவு பெரிய பகுதியில் ஏறுகிறது என்பதைப் பொறுத்தது.

பெட்டியிலிருந்து பிளவுக்கு

பிளவைப் பல கட்டங்களாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் ஒரு பெட்டி. சுருள்வில்லின் இடத்தில் கட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் மீட்சி விதி வரும். மற்றதெல்லாம் நீங்கள் ஏற்கெனவே எழுதியதுதான்.

கட்டத்தின் அளவில் கஞ்சத்தனம் கூடாது. பார்க்கவேண்டிய நீளம், விறைப்புக் குணகம் × சறுக்கு நீளம் ÷ (பி × அமுக்கம்). நம் எண்களுக்கு 400 மீட்டர். அதற்குள் குறைந்தது நாலைந்து கட்டங்கள் இருக்கட்டும். கட்டம் பெரிதானால் ஒவ்வொரு கட்டமும் தனித்தனியாக வெடிக்கும். பார்ப்பதற்கு இயற்கைபோலச் சிறியதும் பெரியதுமான நடுக்கங்கள் தெரியும், ஆனால் அது கணக்கின் கோளாறு. ஆய்வகத்தில் அளந்த சறுக்கு நீளம் பத்து முதல் நூறு மைக்ரோமீட்டர். அதை அப்படியே போட்டால் கட்டம் ஒரு மீட்டருக்கும் கீழே போகவேண்டும். அதனால்தான் பெரும்பாலான மாதிரிகள் மில்லிமீட்டர், சென்டிமீட்டர் அளவுகளை எடுக்கின்றன. இது பெரும்பாலும் கணினியின் கட்டாயம். கட்டுரைகளைப் படிக்கும்போது இந்த எண்ணை முதலில் தேடுங்கள்.

ஏ, பி ஆழத்தோடு மாறும். ஈரமான கருங்கல்லில் ஏறக்குறைய 100 முதல் 350 பாகை செல்சியஸ் வரை பி பெரிது, அதற்கு மேலும் கீழும் ஏ பெரிது. சான் ஆன்ட்ரியாஸ் போன்ற பிளவுகளில் நடுக்கங்கள் பெரும்பாலும் மேல் 15 கிலோமீட்டருக்குள் அடங்குவதற்கு இது பொருத்தமான விளக்கம். பாறையின் வகையும் முக்கியம். பார்க்ஃபீல்டுக்கு அருகே பிளவை 2.7 கிலோமீட்டர் ஆழத்தில் துளைத்தெடுத்த மண்ணில் சபோனைட் என்ற களிமண் கனிமம் கிடைத்தது. அதன் குணகம் 0.15 அளவுதான், ஏ பெரிது. அந்தத் துண்டு ஊர்ந்துகொண்டே இருப்பதற்கு வேறு மர்மம் தேவையில்லை.

இந்த விதியின் எல்லையும் தெரிந்திருக்கட்டும். அளவீடுகள் பெரும்பாலும் விநாடிக்கு மைக்ரோமீட்டர் முதல் மில்லிமீட்டர் வரையில் எடுத்தவை, நாமோ அவற்றை 1 மீட்டர் வரை நீட்டுகிறோம். அந்த வேகத்தில் உராய்வுச் சூடே ஆட்டத்தை மாற்றிவிடும். தொடுமுனைகள் கணநேரத்தில் கொதிக்கும், துளைநீர் சூடேறி விரியும், குணகம் 0.1, 0.2 என்று சரியும். 2011 தோஹோக்கு நிலநடுக்கத்தில் கடல் அகழியை ஒட்டி ஏறக்குறைய 50 மீட்டர் சறுக்கல் நிகழ்ந்தது. பிறகு அங்கே துளையிட்டு மிச்ச வெப்பத்தை அளந்தவர்கள் சறுக்கலின்போது குணகம் 0.08 அளவில்தான் இருந்திருக்கும் என்று கணித்தார்கள். நம் சமன்பாடு மட்டும் அந்த எண்ணைத் தராது, அதிவேகத் தளர்வைத் தனியாகச் சேர்க்கவேண்டும்.

உங்கள் முதல் பிளவு நிரல் ஓடியதும், கலிபோர்னியா மாநிலம் தழுவிய நிலநடுக்க மையத்தின் (முன்பு தெற்கு கலிபோர்னியா நிலநடுக்க மையம்) ஆதரவில் நடக்கும் நிரல் ஒப்பீட்டுப் பயிற்சிகளின் முதல் கணக்கை எடுத்துப் போடுங்கள். செங்குத்தான ஒரு பிளவு, இருபரிமாணம், ஆழத்தோடு மாறும் ஏ. ஏ, பி, அமுக்கம், தட்டு வேகம் எல்லாம் இங்கே பார்த்த எண்களின் அருகிலேயே இருக்கும். அதில் நிகழ்வுகளுக்கு இடையிலான ஆண்டுகளையும் உச்ச வேகத்தையும் பிறருடையதோடு ஒப்பிட்டபின், கட்டத்தைப் பாதியாக்கி மறுபடி ஓட்டுங்கள். தேதிகள் நகர்ந்தால் இன்னும் பாதியாக்குங்கள்.